மாமாவின் நீல சைக்கிள்

நான் முணுமுணு. வயது இருபத்தைந்து. இப்போது உட்கார்ந்திருப்பது ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் ரூமுக்கு வெளியே, கவிழ்த்துப் போட்ட ஒரு பெயின்ட் டப்பாவின் மேல். இரண்டு கையிலும் முழங்கை வரை கிரீஸ். அதனால் போனை மூக்கால் தட்டித் திறந்து, வாயால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தங்கச்சி, நீதான் இதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டப் போகிறாய். என்னடா இவன் செய்தி வாசிக்கிற மாதிரி பேசுகிறான் என்று சிரிக்காதே. நம் வீட்டில் பேசுகிறபடி பேசினால் இந்த போன் பாதியை விழுங்கிவிடுகிறது. நிறுத்தி நிதானமாக, புத்தகத்தில் இருக்கிற மாதிரி சொன்னால்தான் மரியாதையாக எழுதுகிறது. ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதை மட்டும் பேசியபடியே சொல்கிறேன். அங்கே போன் தடுமாறினால் சாயங்காலம் உட்கார்ந்து திருத்திவிடுகிறேன்.

இன்னொன்று. இங்கிலீஷ் பரீட்சை ரிசல்ட் வந்துவிட்டது. கீழே தள்ளிப் பார்க்காதே. எந்தக் கதையையும் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறவள் நீ, எனக்குத் தெரியாதா.

அம்மாவுக்குப் புரிய வேண்டும் என்பதால் முதலில் இருந்தே சொல்கிறேன். நான் இங்கே லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் ஹெல்பர். ஹெல்பர் என்றால் டூல் பையைத் தூக்கலாம், கம்பிவடத்தைத் துடைக்கலாம், எண்ணெய் விடலாம். ஆனால் லிஃப்ட் கதவை வெளியிலிருந்து திறக்கிற முக்கோணச் சாவி ஒன்று இருக்கிறது, அதைத் தொடக் கூடாது. கதவுக்குப் பின்னால் லிஃப்ட் நிற்காமல் வெறும் பள்ளம் இருக்கலாம் என்பதால் சட்டம் அவ்வளவு கறார். லைசென்ஸ் வாங்கிய மெக்கானிக்கின் கழுத்தில்தான் அந்தச் சாவி தொங்கும்.

லைசென்ஸுக்கான தொழில் பரீட்சையை நான் எப்போதோ முடித்துவிட்டேன். இந்த நாட்டில் லைசென்ஸுக்கு இங்கிலீஷும் தேற வேண்டும். அதிலும் எழுதுவது, படிப்பது, கேட்பது எல்லாவற்றையும் தாண்டியாயிற்று. பேசுவதில் மட்டும் இரண்டு தடவை அரை மார்க்கில் போனது. மூன்றாவது தடவையும் போனால், எனக்காகக் காலியாக வைத்திருக்கும் மெக்கானிக் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அப்புறம் நான் பையைத் தூக்கிக்கொண்டே வயதாக வேண்டியதுதான்.

பேசுவதில் போனது என்று கேட்டு நீங்கள் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டீர்கள். அப்பா தையல் மெஷினில் உட்கார்ந்தால் உதட்டில் நாலு குண்டூசி. ஒரு 'ம்' போட்டால் சரி, இரண்டு 'ம்' போட்டால் வேண்டாம், மூன்று போட்டால் வாடிக்கையாளர் கிளம்பலாம். அந்த வீட்டில் வளர்ந்தவன் எப்படிப் பேசுவான். வாயில் ஊசி இல்லாமலே ஊசி இருக்கிற மாதிரி பேசுகிறான் என்று எனக்கு முணுமுணு என்று பெயர் வைத்தவளும் நீதான்.

அந்தப் பரீட்சை எப்படி என்றால், ஒரு சின்ன அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் தேர்வாளர், இந்தப் பக்கம் நாம், நடுவில் ரெக்கார்டர். முதலில் ஊர், வேலை, பொழுதுபோக்கு என்று சில்லறைக் கேள்விகள். பிறகு ஒரு கார்டு தருவார்கள். அதில் ஒரு தலைப்பு. ஒரு நிமிடம் யோசித்துக்கொள்ளலாம். அதன் பின் இரண்டு நிமிடம் நாமே பேச வேண்டும். எதிரில் இருப்பவர் ஆமாம் என்றுகூடச் சொல்ல மாட்டார். அந்த இரண்டு நிமிடம்தான் எனக்கு எமன். முதல் தடவை எனக்கு வந்தது 'பிடித்த கட்டடம்'. நாலு வாக்கியம் சொல்லிவிட்டு, மீதி நேரம் ரெக்கார்டரின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ரூமில் மூன்று பேர். ரொட்டி சுடும் வேலையில் இருக்கிற அண்ணனை பேக்கரி என்றே கூப்பிடுவோம். இன்னொருவன் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அவன் வக்கீல். மூன்று பேருக்கும் இந்தத் தடவை ஒரே பரீட்சை, ஒரே நாள். வழி சொன்னவன் வக்கீல்தான்.

"கார்டுல என்ன வேணா கேக்கட்டும். நாம சைக்கிளுக்குக் கொண்டு வந்துரணும்."

"எந்த சைக்கிள்?" என்றேன்.

"மாமா வாங்கிக் குடுத்த நீல சைக்கிள். பரிசு பத்திக் கேட்டா, சைக்கிள். பயணம் பத்திக் கேட்டா, சைக்கிள்ல போன பயணம். பிடிச்ச மனுஷன்னா, மாமா. உதவின்னா, மாமா பையனுக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுத்தேன். ஒண்ணே ஒண்ண நெட்டுரு போட்டா போதும், உலகமே அதுக்குள்ள அடங்கிரும்."

"எனக்கு மாமாவே கிடையாதேடா."

"எக்ஸாமினர் உங்க வீட்டுக்கு வந்து தலை எண்ணிப் பாக்கப் போறாங்களா? வெச்சுக்கோ ஒரு மாமா."

அம்மா, கோபித்துக்கொள்ளாதே. அன்றிலிருந்து உனக்கு ஒரு தம்பி. பெரிய மீசை, கடை வைத்திருக்கிறார், தங்கமான மனுஷன்.

வேலை முடிந்து வந்ததும் மூன்று பேரும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சைக்கிள் ஓட்டுவோம். பேக்கரி அண்ணன் புருவத்தில் மாவு ஒட்டியபடி தேர்வாளர் வேஷம் போடுவார். நான் பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அவர் தலை மார்பில் விழுந்துவிடும்.

"தப்பா நெனைக்காத தம்பி. அசதியில கண்ணு சொருகிருச்சு."

"எந்த எடத்துல தூங்குனீங்கண்ணே?"

"மாமா கடைக்குக் கெளம்புறதுக்கு முன்னாடியே."

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போனில் ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா. "முணுமுணு, நீ சைக்கிள் மேல போறியா, சைக்கிள் உன் மேல போகுதா?" என்று கேட்டாய். வார்த்தை எல்லாம் மனப்பாடம். ஆனால் நடுவில் ஒரு சொல் தவறினால் மறுபடி முதலிலிருந்து வந்தால்தான் எனக்கு அடுத்தது வரும்.

பரீட்சைக்கு முந்தின வாரம் ஒரு காரியம் நடந்தது. இதை நான் உங்களிடம் சொல்லவில்லை, பயப்படுவீர்கள் என்று.

என்னோடு வேலை பார்க்கும் மெக்கானிக் ஒரு பெண். நம் பாஷைக்காரர். கழுத்துச் சாவி எப்போதும் ஆடிக்கொண்டே இருப்பதால் நான் மனதுக்குள் வைத்த பெயர் சாவிக்கார அக்கா. ஒரு குடியிருப்புக் கட்டடத்தில் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஒரு அம்மா மாட்டிக்கொண்டார் என்று போன் வந்தது. குப்பை போட வந்தவர். வீட்டுச் செருப்பு, கையில் குப்பைப் பை, போன் வீட்டில்.

இதற்கு எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ஒருவர் மேலே மோட்டார் ரூமுக்குப் போய், மெயினை அணைத்து, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மாடிக்குக் கொண்டுவர வேண்டும். இன்னொருவர் மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்து உள்ளே இருப்பவரோடு பேச வேண்டும். பேச்சு நிற்கவே கூடாது. உள்ளே மாட்டிக்கொண்டவருக்கு இருட்டு கூடப் பொறுக்கும், வெளியே சத்தம் நின்றால் எல்லோரும் போய்விட்டார்கள் என்றுதான் தோன்றும். இதோ ரெண்டு நிமிஷம் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, மூன்றாவது நிமிஷம் கதவை உதைப்பார்கள். எந்தச் சத்தம் வரப் போகிறதோ, அது வருவதற்கு முன்பே அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

வழக்கமாகக் கதவுப் பக்கம் உட்காருவது இன்னொரு மெக்கானிக். அன்று அவருக்குக் காய்ச்சல்.

"நீ உக்காரு," என்றார் சாவிக்கார அக்கா.

"அக்கா, அவங்களுக்கு இங்கிலீஷ்தானே தெரியும்."

"உனக்கும் அதுதானே பரீட்சை. உக்காரு. வாய மூடுன, நான் மேல இருந்து எறங்கி வந்து ஒதைப்பேன்." வாக்கி-டாக்கியை என் மடியில் போட்டுவிட்டுப் படி ஏறிவிட்டார்.

உள்ளே அந்த அம்மா வேகவேகமாக மூச்சு விடுவது கதவு வழியாகக் கேட்டது. நான் ஐந்தாவது மாடிக் கதவில் சாய்ந்து உட்கார்ந்தேன். இங்கிலீஷில் சொன்னேன், நான் வெளியே இருக்கிறேன், எங்கேயும் போக மாட்டேன் என்று. இப்போது டக்கென்று ஒரு சத்தம் வரும், அது மெயின் சுவிட்ச் என்றேன். வந்தது. அடுத்தது நாற்காலியை இழுக்கிற மாதிரி ஒரு முனகல், அது பிரேக் என்றேன். அதுவும் வந்தது. இனி லிஃப்ட் ஒரு சாண் நகரும், நிற்கும், மறுபடி நகரும், விழவே விழாது, மேலே ஒருவர் கையால் சுற்றுகிறார், அவர் கை என் கையைவிட உறுதி என்றேன். உள்ளே மூச்சு கொஞ்சம் அடங்கியது. பையில் என்ன குப்பை என்று கேட்டேன். வெங்காயத் தோல் என்றார். அப்படியானால் நீங்கள் அழுதாலும் யாரும் கண்டுபிடிக்க முடியாது என்றேன். சிரித்துவிட்டார்.

அதற்குமேல் என்ன பேசுவது என்று யோசிக்க நேரமில்லை, நிறுத்தினால் உதை. அதனால் அப்பா, உங்களைப் பற்றிச் சொன்னேன். என் அப்பா தையல்காரர், வாயில் எப்போதும் ஊசி, அந்த வாயோடு ஊருக்கே அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தவர், ஒரு தடவைகூட ஊசியை விழுங்கியதில்லை என்று. அவர் எப்படிப் பேசுவார் என்று கேட்டார். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து உங்களை மாதிரி 'ம்' போட்டுக் காட்டினேன். உள்ளேயிருந்து பதிலுக்கு ஒரு 'ம்' வந்தது. உங்களைப் பற்றி நான் முதன்முதலாக இங்கிலீஷில் பேசியது ஒரு மூடிய லிஃப்ட் கதவிடம்தான்.

திடீரென்று படியில் தடதடவென்று காலடி. சாவிக்கார அக்கா முகம் சிவந்து வந்து நின்றார்.

"கட்டைவிரல எடுடா."

பார்த்தால், என் கட்டைவிரல் வாக்கி-டாக்கி பட்டனை அழுத்தியபடியே இருந்திருக்கிறது. நான் பேசியது அத்தனையும் அவர் காதில். அவர் சொன்னது ஒன்றும் எனக்கு வரவில்லை.

"லிஃப்ட் அஞ்சாவது மாடிக்கு வந்து எவ்வளவு நேரமாச்சு தெரியுமா? மேல இருந்து தொண்ட கிழியக் கத்துறேன், நீ பாட்டுக்கு உங்கப்பாவுக்கு ஊசி கோத்துட்டு இருக்க."

சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார். அந்த அம்மா குப்பைப் பையோடு வெளியே வந்து, சாவிக்கார அக்காவுக்கு நன்றி சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து ஒரே ஒரு 'ம்' போட்டார். ஒரு 'ம்' என்றால் சரி. படி வழியாகவே இறங்கிப் போனார்.

பையைத் தூக்கும்போது சாவிக்கார அக்கா கேட்டார். "இந்த வாயாடா பரீட்சையில அரை மார்க்ல விழுது?"

எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. அன்று சாயங்காலமும் கட்டிலில் உட்கார்ந்து சைக்கிள்தான் ஓட்டினேன்.

பரீட்சை நாள். நீளமான ஒரு நடைக்கூடம், சுவரோரம் நாற்காலிகள், கோடியில் ஒரு கதவு. எங்கள் மூன்று பேருக்கும் அந்த ஒரே கதவுதான் விழுந்தது. முதலில் வக்கீல் போனான். வெளியே வந்தபோது சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"பரிசு பத்தி வந்துச்சு. மிதிச்சுத் தள்ளிட்டேன்."

அடுத்தது பேக்கரி அண்ணன். அவர் வந்தபோது புருவத்தில் மாவு இல்லை, முகம்தான் மாவு மாதிரி இருந்தது.

"பயணம் பத்திக் கேட்டாங்க தம்பி. மாமான்னு ஆரம்பிச்சதும் அந்தம்மா பேனாவ வெச்சுட்டு என்னையே பாத்தாங்க."

"ஏன்?"

"யாரு கண்டா. மாமாவப் பிடிச்சுப் போயிருக்கும்."

என்னைக் கூப்பிட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை. சாம்பல் நிறத் தரைவிரிப்பு, மேஜையில் ஒரு தண்ணீர் கிளாஸ், தொடாமல் நிரம்பியபடி இருந்தது. தேர்வாளர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. கண்ணாடியைக் கழற்றி மூக்குத் தண்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டே சில்லறைக் கேள்விகளைக் கேட்டார். பிறகு கார்டு. 'நீங்கள் ஒருவருக்கு உதவிய ஒரு நேரத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.' எனக்கு மனசு குளிர்ந்தது. மாமா பையனுக்கு சைக்கிள் கற்றுக் கொடுத்தது. கார்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

ஒரு நிமிடம் முடிந்தது. என் மாமா எனக்கு வாங்கிக் கொடுத்த நீல நிற, என்று ஆரம்பித்தேன். அவர் பேனாவை வைத்தார். முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்பது அவர்கள் விதி. அவரும் காட்டவில்லை. ஆனால் மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து அப்படியே பிடித்துக்கொண்டார், சிரிப்பை அடக்குகிறாரா கொட்டாவியை அடக்குகிறாரா தெரியவில்லை. அப்போதுதான் உறைத்தது. ஒரே கதவு. ஒரே தேர்வாளர். காலையிலிருந்து இதே அறையில் மூன்றாவது நீல சைக்கிள்.

அடுத்த சொல் வரவில்லை. முதலிலிருந்து ஆரம்பிக்கவும் முடியாது, முதலில் இருப்பது மாமா. ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு. போச்சு, மறுபடி பை தூக்குவதுதான் என்று நினைத்தேன்.

அப்புறம் அந்த அறையைப் பார்த்தேன் தங்கச்சி. நாலு சுவர், ஜன்னல் இல்லை, மூடிய கதவு. உள்ளே காலையிலிருந்து ஒரு பெண்மணி. மாட்டிக்கொண்டிருப்பது நான் இல்லை, இவர்தான் என்று தோன்றியது. மாட்டிக்கொண்டவர் முன்னால் பேச்சை நிறுத்தக் கூடாது.

மன்னிக்கவும், அந்த சைக்கிள் என்னுடையது இல்லை என்றேன். நான் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன், போன வாரம் ஒரு அம்மா உள்ளே மாட்டிக்கொண்டார், அவருக்கு நான் செய்த உதவி கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேசியதுதான் என்றேன். அதன் பிறகு என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. டக்கென்ற சத்தம், நாற்காலி முனகல், ஒரு சாண் நகர்வு, வெங்காயத் தோல், கட்டைவிரல். அப்பாவின் 'ம்' வரைக்கும் வந்துவிட்டேன். இலக்கணம் எங்கெங்கே இடறியதோ தெரியாது. இடறிய இடத்தில் எழுந்து அடுத்த வாக்கியத்துக்குப் போனேன், முதலுக்குத் திரும்பவில்லை. அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னபோது, இன்னும் கதவைத் திறக்கவில்லையே என்று எனக்குக் குறையாக இருந்தது.

விதிப்படி ஒரு சின்னக் கேள்வி கேட்டார். இந்த வேலையைத் தொடர்ந்து செய்ய விருப்பமா என்று. சாவியைக் கொடுத்தால் தினமும் செய்வேன் என்றேன். தண்ணீர் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு மூடிய இடத்தில் மனிதர்களுக்கு ஏன் பயம், இயந்திரத்தை எவ்வளவு நம்பலாம் என்றெல்லாம் கேட்டார். அதற்கெல்லாம் பதில் சொல்வதற்கு எனக்கு நேரம்தான் போதவில்லை.

வெளியே இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"சைக்கிள் என்னடா ஆச்சு?" என்றான் வக்கீல்.

"பங்ச்சர்."

"நான் அவ்வளவு நல்லா மிதிச்சுக் குடுத்த சைக்கிளு."

"நீ மிதிச்சதுலதான்டா டயரே போச்சு," என்றார் பேக்கரி அண்ணன்.

இன்று காலை ரிசல்ட். பேக்கரி அண்ணன் மயிரிழையில் தேறிவிட்டார். வக்கீலுக்கு அரை மார்க் குறைந்துவிட்டது. சைக்கிளில் தப்பில்லை, நிறத்தில்தான் தப்பு, அடுத்த தடவை சிவப்பு மோட்டார் பைக் என்று வாதாடிக்கொண்டிருக்கிறான். சாயங்காலம் அவனை லிஃப்ட் கதவு முன்னால் உட்கார வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

எனக்கு, அம்மா, வேண்டியதைவிட அரை மார்க் அதிகம். போன் தப்பாக எழுதியிருந்தால் என்று மறுபடி சொல்கிறேன். அரை மார்க் அதிகம். நான் தேறிவிட்டேன்.

மோட்டார் ரூமுக்குள் வந்து சாவிக்கார அக்காவிடம் சொன்னேன். கம்பிவடத்தைப் பார்த்துக்கொண்டே, "தெரியும்," என்றார்.

"எப்படிக்கா தெரியும்?"

"என் காதுலதானடா ஒத்திகை பாத்த."

பையைத் துழாவி ஒரு புதுச் சாவியை எடுத்தார். இன்னும் வெள்ளி நிறம் மங்காத முக்கோணச் சாவி, கறுப்புக் கயிறு கோத்தது. ஆபீஸில் போன வாரமே கேட்டு வாங்கி வைத்திருந்தாராம். சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். "லைசென்ஸ் காகிதம் கைக்கு வர்ற வரைக்கும் தொடக் கூடாது. பாத்துக்கலாம்."

பார்த்தேன். சாவியின் தலையில் வெள்ளை டேப் ஒட்டி, அதில் பேனாவால் எழுதியிருந்தார். முணுமுணு என்று இல்லை. பள்ளிச் சான்றிதழில் இருக்கிற என் முழுப் பெயர். அதற்கு முன்னால் அப்பாவின் இனிஷியல், புள்ளி வைத்து, என் பெயரைவிடப் பெரிதாக. கிரீஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன் முன்னால் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று அக்காவுக்குத்தான் தெரியும். "போய் வீட்டுக்குச் சொல்லிட்டு வா, எண்ணெய் விடணும்," என்று வெளியே தள்ளிவிட்டார். அப்படித்தான் இந்த டப்பாவின் மேல் வந்து உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு மாடிக்குக் கீழே மனிதர்கள் லிஃப்ட் பட்டனை அழுத்துகிறார்கள். எனக்குப் பின்னால் சக்கரம் சுற்றுகிறது, நிற்கிறது, சுற்றுகிறது. அது ஒழுங்காகச் சுற்றுவதில் இனி என் கையெழுத்தும் உண்டு.

வழக்கம்போல அப்பாவின் பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வரும். இந்தத் தடவை அது வேண்டாம். இதைப் படிப்பது தங்கச்சியோ, அம்மாவோ, பக்கத்து வீட்டுக்காரரோ, யாராக இருந்தாலும் சரி. மெஷினை நிறுத்தச் சொல்லி, அப்பா வாயிலிருந்து ஊசிகளை எடுக்கச் சொல்லி, போனில் பதிவு பட்டனை அழுத்தி அவர் முன்னால் பிடியுங்கள். அவர் என்ன பேசுகிறாரோ, வெறும் 'ம்' ஆக இருந்தாலும், அதை அப்படியே எனக்கு அனுப்பிவையுங்கள்.